எடை நாலு

ஜபல்பூர்
11-1-1987

அன்புத் தங்கை வனஜாவுக்கு அண்ணன் பரந்தாமன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி ராஜம்மாவும் சுகம். குளிர்தான் எலும்பைக் குடைகிறது. ஆறு டிகிரி. "ஆறு டிகிரின்னா எவ்ளோ?" என்று கேட்பாய். தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது, அவ்வளவு. பாரிவாக்கத்தில் நீயும் மாப்பிள்ளை கஜபதியும் உன் மாமியாரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதம் வந்தது. "வயிறு ஒரு சாண் முன்னால் வந்துவிட்டது, தினம் ஆழாக்குப் பால் குடிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். யாருடைய சாண்? உன்னுடையதா, மாப்பிள்ளையுடையதா? நாடு கிலோவுக்கும் மீட்டருக்கும் மாறி முப்பது வருஷம் ஆகப்போகிறது. பாரிவாக்கத்துக்கு மட்டும் அது இன்னும் பஸ் பிடித்து வந்து சேரவில்லை போலிருக்கிறது. ஆவடி பாக்டரியிலும் சரி, இங்கே மாற்றலாகி வந்த பிறகும் சரி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினால் செய்த சாமானைத் தூக்கிக் குப்பையில் போடுகிற வேலை எனக்கு. என் சொந்தத் தங்கை சாண் கணக்குப் பேசினால் எரிச்சல் வராதா?

திட்டினது போதும். மாசியில் குழந்தை பிறந்ததும் எடையை எழுது. தாய்மாமன் போட வேண்டிய வெள்ளி அரைஞாண் கொடியை இங்கேயே செய்யச் சொல்லப் போகிறேன். முன்பு இரண்டு தடவை வாங்கின கொடிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதே. அந்த இரண்டு குழந்தைகளும் நமக்குத் தங்கவில்லை. இது தங்கும். நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

அன்புடன்,
பரந்தாமன்


பாரிவாக்கம்
15-2-1987

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் வனஜா எழுதியது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இனிமேல் ஒரு ஆள் கூட.

ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை பெண் குழந்தை பிறந்தது. மூன்று வாரம் முந்திக்கொண்டாள். பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பக்கூட நேரமில்லை. தெருக்கோடியில் ரிட்டயர்டு நர்ஸ் வசந்தா அக்கா இருக்கிறார்கள், அவர்கள்தான் ஓடி வந்து பிரசவம் பார்த்தார்கள். அவர்களிடம் அந்தக் காலத்துத் தொங்கு தராசு ஒன்று உண்டு. அத்தை வெந்நீர் கொண்டுவருவதற்குள் குழந்தையைத் துணியில் முடிந்து தூக்கிப் பார்த்துவிட்டார்கள். எடை நாலு என்றார்கள்.

அத்தை பார்த்துவிட்டு ஒரே ரகளை. "புள்ளய தராசுல மாட்றதுக்கு அது இன்னா கத்திரிக்காவா? மின்ன ரெண்டயும் இப்டித்தான் ஆஸ்பத்திரில நிறுத்தானுங்க. ரெண்டும் நின்னுதா?" என்று வசந்தா அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். இனி எந்தத் தராசிலும் குழந்தையை வைக்கமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார்கள். செய்து கொடுத்தேன் அண்ணா. எனக்கும் அதில் பயம் இருக்கிறது.

நல்ல பிள்ளை. அழுதால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. பகலெல்லாம் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே இருக்கிறேன். அண்ணி உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை,
வனஜா


ஜபல்பூர்
24-2-1987

அன்புத் தங்கைக்கு, மாப்பிள்ளைக்கு, உன் மாமியாருக்கு, முக்கியமாக என் மருமகளுக்கு மாமனின் முத்தங்கள்.

நாலு கிலோ! அடி சக்கை! மூன்று வாரம் முந்தியே நாலு கிலோ என்றால், முழுசாக இருந்து வந்திருந்தால் நடந்தே வந்திருப்பாள். என் ஷிப்டில் முப்பத்தெட்டுப் பேர். ஒருத்தர் விடாமல் இனிப்புக் கொடுத்தேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் இராமகிருஷ்ணன், "உங்க தங்கச்சி என்னங்க சாப்பிடறாங்க?" என்று கேட்கிறான். ஆழாக்குப் பால் என்றேன். பார், உனக்காக என் வாயாலேயே ஆழாக்கு என்று சொல்லிவிட்டேன்.

கொடிக்குச் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கடை சேட்டு தோலா தோலா என்று பேசினான். கிராமில் சொல்லுய்யா என்று அரை மணி நேரம் சண்டை. நாலு கிலோப் பெண்ணுக்கு நாற்பது சென்டிமீட்டர் போதுமா? நூலைச் சுற்றி இடுப்பை அளந்து எழுது. நூலை இன்லாண்டு கடிதத்துக்குள் வைத்து ஒட்டாதே, போஸ்ட் ஆபீஸில் பிடித்துக்கொள்வார்கள். எண்ணை எழுதினால் போதும். பேர் என்ன வைத்திருக்கிறீர்கள்? ராஜம்மாவுக்குக் கொஞ்சம் இருமல், வேறொன்றுமில்லை.

பூரிப்புடன்,
பரந்தாமன்


பாரிவாக்கம்
22-3-1987

அன்புள்ள அண்ணாவுக்கு வனஜாவின் வணக்கம். நாங்கள் நலம். அண்ணிக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, குறைந்ததா? பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. கையில் பிள்ளை, வேறு ஒன்றுமில்லை.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அவருக்குத் திருமழிசைக் கம்பெனியில் இந்த மாதம் முழுக்கக் காலை ஷிப்டு. எதிர்மனையில் புதிதாக வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஜல்லி கொட்டுகிற சத்தம், பாப்பா திடுக்கிட்டுப் போகிறாள்.

நீ கேட்டபடி நூலைச் சுற்றி, அவருடைய ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். இருபத்தெட்டு சென்டிமீட்டர். சரியாகத்தான் அளந்தேன். கொடியைக் கொஞ்சம் சின்னதாகவே செய்யச் சொல், அதுவே போதும்.

பேருக்கு என்ன அவசரம் என்கிறார்கள் அத்தை. பாப்பா என்றே கூப்பிடுகிறோம்.

வனஜா


ஜபல்பூர்
30-3-1987

அன்புத் தங்கைக்கு, இங்கே நலம். ராஜம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

இருபத்தெட்டு என்று படித்ததும் நீ ஸ்கேலை எங்கோ நடுவில் வைத்து அளந்துவிட்டாய் என்று நினைத்தேன். இராமகிருஷ்ணன் வீட்டிலும் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. பிறக்கும்போது மூன்று கிலோ. ராஜம்மாவை டேப்போடு அனுப்பினேன். அந்தக் குழந்தைக்கே முப்பத்திரண்டு. நம் குழந்தைக்கு ஏழு வாரம் ஆகிவிட்டது.

உன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நாலு என்றுதான் எழுதியிருக்கிறாய். கிலோ என்று எழுதினது நான். ஒரு அளவுக்குப் பின்னால் கிலோவா கிராமா என்று எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் நான். என் கண்ணுக்கு அது படவில்லை.

நாலு என்ன, வனஜா? எனக்குக் கோபமில்லை. உடனே எழுது.

அண்ணன்


பாரிவாக்கம்
8-4-1987

அண்ணா,

நாலு பவுண்டு. வசந்தா அக்காவின் தராசு பவுண்டு தராசு. கிலோவில் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே என்று அவர்கள் அன்றைக்கே சொன்னார்கள். "பஞ்சு வெச்சு சுத்தி, உடம்போட ஒட்டி வெச்சுக்கோ, ரெண்டு மணிக்கு ஒருதரம் பால் குடு, கடவுள் விட்ட வழி" என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

முதல் கடிதத்தில் பவுண்டு என்று எழுதக் கை வரவில்லை. வெறுமனே நாலு என்று எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால் நீ லீவு போட்டு ஓடி வருவாய். போன தடவை அப்படி ஓடி வந்துதானே பிரமோஷனுக்கான டிரேடு டெஸ்ட் எழுதாமல் விட்டாய்? இந்த மே மாதம் திரும்ப எழுதுகிறாய் என்று அண்ணி எழுதியிருந்தாள். அதற்காகத்தான் மறைத்தேன் என்று உனக்கு எழுதலாம் என்று நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை.

நாலு கிலோ என்று ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்ததாக எழுதினாயே, அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? படிக்கப் படிக்க, அப்படி ஒரு குண்டுக் குழந்தை எங்கேயோ இருக்கிற மாதிரியே இருந்தது. ஜபல்பூரிலாவது என் பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பைத்தியக்காரத்தனம்தான்.

முன்பு இரண்டையும் இப்படித்தான் மடியில் வைத்துக்கொண்டு, கனம் கூடினதா, குறைந்ததா என்று கையால் பார்த்துக்கொண்டே இருந்தேன். கைக்கு ஒன்றும் தெரியவில்லை அண்ணா. இப்போதும் தெரியவில்லை. அத்தைக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், தராசில் வைக்க முடியாது. பேர் வைக்காததும் அதனால்தான். பேர் வைத்தால் கூப்பிட ஆரம்பித்துவிடுவோம்.

திட்டுவதானால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வனஜா


ஜபல்பூர்
16-4-1987

என் அருமைத் தங்கைக்கு,

திட்டவில்லை. அழுதேன், முடித்துவிட்டேன். இப்போது வேலையைப் பார்ப்போம்.

இங்கே பாக்டரி ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கேட்டேன். இரண்டு மாதம் தாண்டி நிற்கிறதே, அதுவே பெரிது என்றார். ஒரு நாளைக்கு இருபது கிராம் ஏறினால் போதுமாம். இருபது கிராம் என்றால் இரண்டு கோழிமுட்டை எல்லாம் இல்லை, அரை எலுமிச்சம்பழம். அதைக் கையால் கண்டுபிடிக்க எந்தத் தாயாலும் முடியாது. அதனால் உன் கையைக் குறை சொல்லாதே. முன்பு இரண்டு தடவையும் உன் கை தப்புச் செய்யவில்லை.

உன் சத்தியத்துக்கும் பங்கம் வரவேண்டாம். ஆவடி ஸ்டேஷனில் காசு போட்டால் டிக்கெட் தருகிற எடை மெஷின் இருக்கிறதல்லவா? குழந்தையை அதில் வைக்காதே. நீ ஏறு. இடுப்பில் குழந்தை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எடை பார்ப்பது உன்னைத்தான். பிறகு குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு நீ மட்டும் ஏறு. முதல் டிக்கெட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் என் மருமகள். நடுவில் தண்ணீர் குடிக்காதே, செருப்பை மாற்றாதே. இரண்டு டிக்கெட்டையும் கவரில் போட்டு அனுப்பு.

கொடி நாற்பது சென்டிமீட்டரில் செய்து வந்துவிட்டது. வெட்டிச் சின்னதாக்க மாட்டேன்.

பரந்தாமன்


பாரிவாக்கம்
4-5-1987

அன்புள்ள அண்ணாவுக்கு, அண்ணிக்கு வணக்கம். இங்கே எல்லோரும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

நேற்று அத்தையையும் அழைத்துக்கொண்டு ஆவடிக்குப் போனேன். விஷயத்தை வழியிலேயே சொல்லிவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, "உங்க அண்ணாத்தே மூளய மெஷின்லதான் கடஞ்சி செஞ்சிருக்கணும்" என்றார்கள். அப்புறம் அவர்களாகவே, "உன்னியத்தானே நிறுக்கிற, புள்ளய இல்லியே. போவட்டும்" என்றார்கள்.

நாலணா போட்டேன். சரி, இருபத்தைந்து காசு போட்டேன். சக்கரம் சுற்றி, விளக்கெல்லாம் எரிந்து டிக்கெட் விழுந்தது. பாப்பாவோடு நாற்பத்தைந்து. நான் மட்டும் நாற்பத்திரண்டு. மூன்று கிலோ அண்ணா! மூன்று முறை கழித்துப் பார்த்தேன். ஸ்டேஷன் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன். டிக்கெட்டுக்குப் பின்னால் "நீங்கள் தொட்டதெல்லாம் துலங்கும்" என்று போட்டிருந்தது. அது எனக்கா, பாப்பாவுக்கா என்று அத்தை வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். இரண்டு டிக்கெட்டும் இதனுடன் இருக்கிறது. டெஸ்ட்டை நன்றாக எழுது.

வனஜா


ஜபல்பூர்
10-6-1987

அன்புள்ள மாப்பிள்ளை கஜபதிக்கு, நலம், நலமறிய ஆவல். வனஜாவுக்கு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. டெஸ்ட் எழுதிவிட்டேன், பாஸ். அதைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. நல்லதோ கெட்டதோ, உள்ளது உள்ளபடி நீங்களாவது எழுதுங்கள்.

பரந்தாமன்


பாரிவாக்கம்
17-6-1987

மச்சானுக்கு கஜபதி வணக்கம் சொல்லிகினு எழுதுறது. எனக்கு உங்கள மாதிரி எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். பயப்படாதீங்க, பாப்பா ஊட்லதான் கீது.

போன மாசம் நடுவுல ஜொரம் வந்துடுச்சி. பெரிய ஆஸ்பத்திரில எட்டு நாள் வெச்சிருந்தாங்க. பொழச்சி வந்துட்டா. மருந்து ரெண்டரை மில்லி குடுக்கணும்னு சொன்னாங்க. எங்கம்மா பாலாடைல அரையா ஊத்தப் போனாங்க. நான்தான் கைய புட்சிகினேன். "எம்மா, மச்சானுக்குத் தெரிஞ்சா ரயிலேறி வந்து ஒதைப்பாரு"ன்னு சொல்லி, கோடு போட்ட மூடில ஊத்தினேன்.

ஊட்டுக்கு வந்து பத்து நாள் கழிச்சி ஆவடிக்குப் போனோம். அதே மூணு கிலோதான் காட்டுச்சி. ஒண்ணுமே ஏறல. வனஜா டிக்கெட்ட அங்கியே கிழிச்சிப் போட்டுட்டா. அன்னிலேர்ந்து சரியா சாப்புட்றதில்ல, உங்க லெட்டரயும் பிரிக்கிறதில்ல. "எங்கண்ணன் கிட்ட இன்னாத்த எழுதச் சொல்ற? திரும்பவும் பொய் எழுதச் சொல்றியா?"ன்னு கேக்குறா. கிழிச்சத நான் பொறுக்கியாந்து சோத்துப் பருக்க வெச்சி ஒட்டி அனுப்பிக்கீறேன். நீங்கதான் எதனா சொல்லணும்.

கஜபதி


ஜபல்பூர்
25-6-1987

வனஜாவுக்கு,

இந்தப் பார்சலை மாப்பிள்ளை பிரித்து உன் கையில் கொடுப்பார். கடிதத்தை முழுக்கப் படி.

ஒட்டின டிக்கெட்டைப் பார்த்தேன். அந்த மெஷினுக்கு அரைக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. ஒவ்வொரு டிக்கெட்டும் கால் கிலோ முன்னே பின்னே இருக்கும். இரண்டைக் கழித்தால் தப்பு அரைக் கிலோவரை போகும். அதனால் மே மாதம் மூன்று என்றது இரண்டரையாக இருந்திருக்கலாம், இப்போது மூன்று என்பது மூன்றரையாக இருக்கலாம். நேர்மாறாகவும் இருக்கலாம். அதைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். ஆனால் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தை எடை இறங்காமல் நிற்கிறது என்றால், அவள் உன்னைவிடப் பிடிவாதக்காரி. உனக்கு அந்த மெஷினைக் காட்டின நான், அதன் குறையைச் சொல்லாமல் விட்டேன். தப்பு என்னுடையது.

இதில் கொடி இருக்கிறது. நாற்பது சென்டிமீட்டர், எண்பது கண்ணி. ஒரு கண்ணிக்கு அரை சென்டிமீட்டர். சேட்டு செய்ததை மைக்ரோமீட்டர் வைத்து நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொக்கியை எந்தக் கண்ணியிலும் மாட்டலாம். வெள்ளிக்கிழமைதோறும் குளிப்பாட்டினதும் உடம்போடு ஒட்டி மாட்டிப் பார். எத்தனை கண்ணி மிச்சம் தொங்குகிறது என்று எண்ணி எழுது. அரைஞாண் போட்டுப் பார்க்க உன் மாமியார்கூட வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

பொய் எழுதிவிட்டாய் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. ஒரு வார்த்தையை எழுதாமல் வைத்திருக்கிறாய். அதை எழுதுகிற நாள் வரட்டும். முதலில் சாப்பிடு.

அண்ணன்


பாரிவாக்கம்
2-8-1987

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் வனஜாவின் வணக்கம். டெஸ்ட் பாஸானதற்கு இத்தனை நாள் கழித்துச் சந்தோஷம் சொல்கிறேன், ஏற்றுக்கொள்.

கொடி வந்த முதல் வெள்ளிக்கிழமை பதினான்கு கண்ணி மிச்சம் இருந்தது. பாதி கால்வரை தொங்கியது. பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, கழற்றி வைத்துவிட்டேன். அடுத்த வெள்ளி பன்னிரண்டு. அத்தை நம்பவில்லை, அவர்களே எண்ணினார்கள். அதற்கடுத்த வாரமும் பன்னிரண்டுதான். ஆனால் நான் சாப்பிட்டேன். அப்புறம் எட்டு. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு முன்னால் அத்தைதான் வெந்நீர் போடுகிறார்கள். "ஏய் வனஜா, ஓடியா, எத்தினி கண்ணி பாக்கலாம்" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிடுகிறார்கள். வசந்தா அக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கண்ணி எண்ணுகிறார்கள். நேற்று முன்தினம் ஐந்து.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவரையும் கூட்டிக்கொண்டு நாலு பேருமாக ஆவடிக்குப் போனோம். உனக்குப் பயந்து பாப்பாவோடு மூன்று தரம், தனியாக மூன்று தரம் ஏறினேன். நடுவில் தண்ணீர் குடிக்கவில்லை. அத்தை ஒவ்வொரு தடவையும் அவர்கள் சுருக்குப்பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தார்கள். மூன்று தடவை கழித்தாலும் ஒரே எண். ஆறு டிக்கெட்டும் இந்தக் கவரில் இருக்கிறது, நீயே கழித்துப் பார்த்துக்கொள்.

வீட்டுக்கு வந்து அழுதாள் பார், எதிர்மனையில் ஜல்லி கொட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். அத்தை முகத்தைப் பார்க்கவேண்டுமே! "கத்துடி, நல்லா கத்து" என்கிறார்கள்.

வருகிற ஒன்பதாம் தேதி பேர் வைக்கிறோம். பொன்னி. உனக்கு லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. நாங்கள் இப்போதே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

அண்ணா, எடை நாலு கிலோ.

உன் தங்கை,
வனஜா